வெல்லம் ஊற்றிய சாந்து

சாந்தில் வெல்லம் ஊற்றக் கூடாது என்று ஓவர்சியர் சொன்னபோது எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மேல்மலையில் பெரிய அணை எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. மலையைக் குடைந்து தண்ணீர் நம் பக்கம் இறங்கப்போகிறது, அதை வாங்கிப் பிரித்துவிட மதகுகள் வேண்டும் என்று கீழேயும் வேலை நடந்தது. கம்பம் ஊருக்குக் கிழக்கே ஆற்றுக்குள் அப்படி ஒரு மதகு கட்டினார்கள். என் வீட்டுக்காரர் அங்கே கொத்தனார், நான் சாந்து போடுகிறவள். எனக்கு வயது இருபது. நாக்குக்கு மட்டும் நாற்பது இருக்கும்.

எங்கள் ஊர் வேதக்காரர்கள் ஊர், எல்லோரும் கிறிஸ்தவர்கள். எங்கள் கோவில் மணிக்கூண்டு எழும்பியபோது நான் பாவாடை கட்டிய பிள்ளை. சுண்ணாம்பு அரைக்கிற நாளில் வீட்டுக்கு ஒரு பானை வெல்லத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்ற வேண்டும் என்பது ஊர் வழக்கம். கூடவே கடுக்காய் ஊறின தண்ணீரும் உண்டு. சாமியார் ஜெபம் சொல்லி முதல் பானையை ஊற்றினார், பிறகு ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் வரிசையாக நின்று ஊற்றினாள். அந்த மணிக்கூண்டில் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். பக்கத்து ஊர்ப் பள்ளிவாசல் சுவருக்கும் வெல்லம் ஊற்றித்தான் அரைத்தார்கள். கும்பிடுகிற சாமி எதுவானாலும் இந்தப் பள்ளத்தாக்கில் சுவர் நிற்பது வெல்லத்தால்தான் என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம்.

அப்படிப்பட்ட எங்களிடம் வந்து, மதுரைப் பக்கத்து ஓவர்சியர் ஒருவர் விரல் விட்டு எண்ணிக் காட்டினார்.

“சுண்ணாம்பு, சுர்க்கி, மணல், தண்ணி. நாலே நாலு. அஞ்சாவதா ஒண்ணும் விழக் கூடாது.”

“வேர்வை விழுந்தா என்ன செய்றதுங்க?” என்று கேட்டுவிட்டேன்.

கூட நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “தொடச்சிக்கிட்டு வேலையப் பாரு” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்த மனுஷன் எது சொன்னாலும் எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

சுர்க்கி என்றால் செங்கல் பொடி என்று சுலபமாகச் சொல்லிவிடலாம், ஆனால் அது தனிச் சமையல். களிமண்ணை உருண்டை பிடித்துக் காயவைத்து, விறகை அளவாக வைத்துச் சுட வேண்டும். வீட்டுக்குச் செங்கல் சுடுகிற மாதிரி கணீரென்று சுட்டுவிட்டால் போச்சு, அந்தப் பொடி சுண்ணாம்போடு சேராமல் சும்மா கிடக்கும். நகத்தால் கீறினால் கோடு விழுகிற பக்குவத்தில் எடுத்து, உலக்கையால் இடித்து, துணியில் சலிக்க வேண்டும். இடிக்கிற நாளில் தும்மினால்கூடச் சிவப்பாகத்தான் வரும். காளவாசலில் சுட்ட சுண்ணாம்புக்கல்லின் மேல் தண்ணீர் தெளித்தால் அது சீறிக்கொண்டு வெடித்து மாவாகும், அந்த ஆவிக்கு முகத்தைக் காட்டக் கூடாது. இரண்டையும் மணலோடு வட்டமான கல் குழியில் கொட்டி, மாடு இழுக்கிற கல் சக்கரத்தின் கீழ் நூறு சுற்று அரைத்தால் சாந்து.

வெறும் சுண்ணாம்புச் சாந்து காற்றுப் பட்டுத்தான் இறுகும், அதற்கு மாசக்கணக்கில் ஆகும். சுர்க்கி சேர்ந்தால் தண்ணீருக்கு அடியிலேயே மூன்று நாளில் இறுகிவிடும். அதனால்தான் ஆற்று வேலைக்கு அதைக் கேட்டார்கள். இந்த விவரமெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் மூக்கெரிச்சலும் கண்ணெரிச்சலும்தான்.

ஒவ்வொரு நாள் சாந்திலும் ஓர் உருண்டை எடுத்து, ஒரு தேங்காய்ச் சிரட்டையில் வைத்து, கொட்டகையில் இருந்த கல் தொட்டித் தண்ணீருக்குள் இறக்கிவைப்போம். எந்த நாள் சாந்து என்று தெரிவதற்குச் சிரட்டை விளிம்பில் வெட்டு போட்டிருக்கும். மூன்றாம் நாள் ஓவர்சியர் அதை எடுத்து, ஈயக் குண்டு வைத்த இரும்பு ஊசி ஒன்றை அதன் மேல் நிறுத்திப் பார்ப்பார். ஊசி இறங்காவிட்டால் அந்த நாள் கட்டின சுவரின் மேல் பாரம் ஏற்றலாம். தொட்டியில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

ஆற்றில் பாதிக்கு மண்கரை போட்டு, தண்ணீரை மறுபக்கம் திருப்பிவிட்டு, கரைக்கு உள்ளே பாறை தட்டும் வரை தோண்டியிருந்தார்கள். இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம். அதற்குள் மதகின் அடிச்சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. சுவருக்கும் பள்ளத்தின் மண்பக்கத்துக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நிற்கிற அளவுக்கு இடுக்கு இருக்கும். சுவர் உயர உயர அந்த இடுக்கில் களிமண்ணைத் திணித்துக் குத்திக்கொண்டே வர வேண்டும். உள்ளே இறங்கவும் ஏறவும் ஒரே ஓர் ஏணி. என் வீட்டுக்காரர் பெரும்பாலும் அந்த இடுக்கில்தான் நிற்பார். முன்னால் கல், பின்னால் ஈர மண்.

ஒரு சாயங்காலம் அவர் சாப்பிடும்போது சொன்னார்:

“கரைக்கு அடியில தண்ணி ஊறுது. எறச்சுக்கிட்டே இருக்கோம், நிக்க மாட்டேங்குது.”

“அப்ப செவரு?”

“செவரு நிக்கும். சாந்து நல்லா இருந்தா நிக்கும்.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். வெல்லம் விழாத பச்சைத் தண்ணீர்ச் சாந்தை நம்பி என் புருஷன் அந்த இடுக்கில் நிற்கிறார், அந்தச் சாந்தை நான்தான் போட்டுக் கொடுக்கிறேன் என்பது மட்டும் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் வீட்டில் இருந்த அச்சுவெல்லம் முழுவதையும் கரைத்தேன். கோவிலுக்கு வீட்டுக்கு ஒரு பானை, என் புருஷனுக்கு நான் ஒருத்தியே ஊற்ற வேண்டும் என்று இன்னும் இரண்டு பங்கு வாங்கிப் போட்டேன். குடிக்கிற தண்ணீர்ப் பானையைப் போலச் சும்மாட்டில் வைத்துக் கொண்டுபோனேன். சாந்து அரைக்கிற செக்கில் மாடு ஓட்டுகிறவர் உத்தமபாளையத்து ராவுத்தர். நான் பானையைச் சாய்த்தபோது ஈ மொய்த்ததைப் பார்த்துவிட்டார்.

“என்னாத்தா, வெல்லமா?”

“ஓவர்சியர் காதுல போட்றாதீக மாமா.”

“நான் எதுக்குச் சொல்றேன். நல்ல காரியம்தான. எங்க பள்ளிவாசலுக்கு எங்க அத்தா கையால ஊத்துனாக” என்று மாட்டைத் தட்டினார்.

மாதாவுக்குச் சொல்கிற பிரியதத்த மந்திரத்தை முணுமுணுத்துக்கொண்டே கடைசிச் சொட்டு வரை வடித்தேன். அன்றைக்கு அரைத்த சாந்து வெண்ணெய் மாதிரி வழுவழுவென்று வந்தது. கொத்தனார்கள் கரண்டியில் எடுத்துப் பார்த்து, இன்னைக்குச் சாந்து இழைக்குது என்று மெச்சினார்கள். சுவரின் இடுப்பு உயரத்தில் ஒரு சுற்று முழுவதும் அந்தச் சாந்திலேயே ஓடிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் பலன் போய்விடும் என்று ஒரு நினைப்பு.

அடுத்த நாள் ஓவர்சியர் மலைக்குப் போனார். நாலு நாளில் வருவேன், வந்து பார்க்கிற வரைக்கும் அந்தச் சுவர் மேல் பெரிய கல் எதையும் ஏற்றாதீர்கள், மறுமுனையில் வேலை பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும்போது, ஆசையாக என் சிரட்டையை எடுத்துக் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்திப் பார்த்தேன். நகம் உள்ளே போயிற்று. நகம் மட்டுமல்ல, விரலும் போயிற்று. கொட்டை எடுத்த புளி மாதிரி இருந்தது. பக்கத்துச் சிரட்டைகளை அழுத்தினேன், எல்லாம் கல். இன்னும் ஒரு நாள் போனால் இறுகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வைத்துவிட்டேன். நாலாம் நாள் காலையிலும் அதே புளிதான்.

அன்றைக்கு மத்தியானம் ஓவர்சியர் வருகிறார். நான் அப்போது சுவரைப் பற்றி நினைக்கவில்லை, அதை ஒளிக்காமல் எழுத வேண்டும். அவர் என்னைப் பிடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். சர்க்கார் வேலையைக் கெடுத்தவள் என்று போலீஸ் கச்சேரிக்குக் கொண்டுபோவார்கள், என் வீட்டுக்காரருக்கும் வேலை போகும், வேர்வைப் பேச்சுப் பேசியவள் என்று ஊர் சிரிக்கும். கொட்டகைக்குப் பின்னால் ஏற்கெனவே பார்த்துத் தேறின உருண்டைகள் குவிந்து கிடந்தன. அதில் வெட்டு குறைவாக இருந்த ஒரு சிரட்டையை எடுத்து, அரிவாள் முனையால் அந்த நாளுக்கு உரிய மீதி வெட்டுகளையும் போட்டுத் தொட்டிக்குள் வைத்தேன். என் சிரட்டையை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுபோய் முள்ளுப் புதருக்குள் எறிந்தேன். இது எல்லாம் வெற்றிலை போடுகிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

ஓவர்சியர் வந்தார், ஊசியை நிறுத்தினார், ஊசி அப்படியே நின்றது. “நாளைக்குக் காலையில பெரிய கல்ல ஏத்துங்க. மலையில மழை பிடிச்சிருச்சு, நமக்கு நாள் இல்ல” என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் மாற்றியது சிரட்டையை. சுவர் மாறவில்லை. அன்று இரவு வாயைத் திறந்திருக்கலாம், திறக்கவில்லை. சுவருக்குள்ளே இருக்கிற சாந்து வேறு மாதிரி இறுகியிருக்கும், தொட்டித் தண்ணீரில் ஏதோ கோளாறு என்று விடிய விடியக் கணக்குப் பண்ணிக்கொண்டு கிடந்தேன்.

காலையில் மேற்கே மலை தெரியவில்லை, அவ்வளவு மேகம், எங்கள் பக்கம் மட்டும் வெயில். மறுபக்கம் ஓடின ஆறு கலங்கி, கரை மேல் ஏறப் பார்த்தது. ஓவர்சியர் எல்லோரையும் விரட்டினார். மூன்று மரத்தைச் சேர்த்துக் கட்டிய முக்காலி நட்டு, சங்கிலி போட்டு, ஆறு பேர் சேர்ந்தாலும் புரட்ட முடியாத கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுவர் மேல் இறக்கினார்கள். அதே நேரத்தில் கீழே இடுக்கில் மூன்று பேர் களிமண் திணித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் என் வீட்டுக்காரர்.

சாந்துச் சட்டி சுமக்கிற வேலையில் எனக்கு ஜோடி ஒருத்தி உண்டு. எங்கள் பக்கத்து வீட்டுக்காரி, ஒன்றுவிட்ட அண்ணன் பெண்டாட்டி. நாங்கள் ஒருத்தியை ஒருத்தி மதினி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அண்ணனும் கொத்தனார்தான், அன்றைக்கு மேலே சங்கிலி பிடித்துக்கொண்டிருந்தார். மதினியும் நானும் ஒரு தட்டில் சாப்பிட்டவர்கள். என் கோபத்தைக் கேலி பண்ணி என்னையே சிரிக்கவைக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

மூன்றாவது கல் இறங்கினபோது சட்டியை இறக்கிவைத்துவிட்டுப் பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். இடுப்பு உயரத்து வரிசையில், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு பிதுங்கிக்கொண்டு வந்தது. கீழே நின்றவர்கள் பார்த்திருந்தாலும் மேலே பூசின புதுச் சாந்து வழிகிறது என்றுதான் நினைத்திருப்பார்கள். அது என்ன என்று எனக்கு மட்டும் தெரியும்.

என்ன செய்தேன் தெரியுமா? வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். வலிக்குது, உயிர் போகுது என்றேன். மதினி பதறிப்போய்ப் பள்ளத்தைப் பார்த்துக் கத்தினாள். என் வீட்டுக்காரர் ஏணியில் ஏறி மேலே வந்தார். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அவர் கால் தரையில் பட்டதும் எனக்கு மூச்சு வந்தது.

ஓவர்சியர் எரிந்து விழுந்தார். “எடத்துல ஆள் கொறையக் கூடாது. யாராவது ஒருத்தன் எறங்கு.”

சங்கிலியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு அண்ணன் ஏணிப் பக்கம் போனார். போகிற போக்கில் என் வீட்டுக்காரரைப் பார்த்து, “மாப்ள, தங்கச்சிய நெழலுக்குக் கூட்டிட்டுப் போ. வெயில்ல என்னமோ ஒத்துக்கல” என்றார். பிறகு இறங்கினார். முதலில் தோள் மறைந்தது, பிறகு தலைப்பாகை மறைந்தது.

நான் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் துண்டால் விசிறினார், யாரிடமோ வாங்கி மோர் கொடுத்தார். குடித்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால், ஒரு கல்லைக் கட்டித் தூக்கிச் சுவர் மேல் இறக்கிச் சங்கிலியைக் கழற்றுகிற நேரம். அவ்வளவு நேரமும் என் நாக்கு, எதற்கும் சும்மா இராத நாக்கு, அசையாமல் கிடந்தது. அதன் பிறகு அடுத்த கல்லுக்குச் சங்கிலி மாட்டுகிற சத்தம் கேட்டதும் என்னால் முடியவில்லை.

“அந்தச் செவருல நான் வெல்லம் ஊத்துனேன்” என்றேன்.

அவருக்கு முகம் மலர்ந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. “அடியே, அதான் அன்னைக்குச் சாந்து அப்படி இழைச்சுதா? நல்லதுதான செஞ்ச.”

“நல்லது இல்ல. இறுகவே இல்ல. செரட்டையில வெரலு போச்சு. நான் செரட்டைய மாத்திப்புட்டேன். அவுகள மேல வரச் சொல்லுங்க.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு விசிறின துண்டைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

ஓவர்சியர் நம்பவில்லை. நேற்று நானே ஊசி வைத்துப் பார்த்தேன், கல்லாட்டம் இருந்தது என்றார். மாற்றினது நான்தான் என்றேன். அந்தச் சிரட்டை எங்கே என்றார். முள்ளுப் புதரைக் கைகாட்டினேன். இந்த அம்மாவுக்குக் காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டது, கொண்டுபோய்ப் படுக்கவையுங்கள் என்றார். ராவுத்தரைக் கூப்பிட்டேன். அவர் மாட்டை நிறுத்திவிட்டு வந்து சாட்சி சொன்னார், ஆனால் எப்படிச் சொன்னார்?

“ஊத்துனது நெசந்தாங்க. நான் பாத்தேன். ஆனா வெல்லம் விழுந்தா செவரு கெட்டிப்படத்தானங்க செய்யும்.”

கீழேயிருந்து ஒரு குரல், “பேசுனது போதும், மண்ணக் குடுங்க” என்றது. மேலே நின்ற கொத்தனார்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அத்தனை பேருக்கும் வெல்லம் நல்லது. ஓவர்சியர் ஒருத்தருக்குத்தான் அது கெடுதல் என்று தெரியும், அவருக்கு நான் ஊற்றினேன் என்பதில் நம்பிக்கை வரவில்லை. என் பொய்யை நான் அவ்வளவு நன்றாகச் செய்து வைத்திருந்தேன்.

நான் ஏணியைப் பிடித்தேன். வீட்டுக்காரர் கையைப் பற்றினார், உதறிவிட்டு இறங்கினேன். கீழே கணுக்கால் அளவு தண்ணீர், ஐஸ் மாதிரி குளிர்ச்சி என்று இன்றைய பிள்ளைகள் சொல்வார்கள், எனக்கு அப்போது காலே மரத்துவிட்டது. இடுக்கில் பக்கவாட்டில் நகர்ந்து போனேன். அண்ணன் திடுக்கிட்டு, “தங்கச்சி, நீ எதுக்கு இங்கன வந்த?” என்றார். பதில் சொல்லாமல் அந்த வெள்ளைக் கோட்டுக்குள் நாலு விரலையும் விட்டு ஒரு பிடி தோண்டி எடுத்து, அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

அவர் கையை மூடினார். சாந்து விரல் சந்துகளில் பிதுங்கி வழிந்தது. வேலை தெரிந்த கொத்தனார், அவருக்கு நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தலைக்கு மேலே அடுத்த கல் சங்கிலியில் ஆடிக்கொண்டிருந்தது.

“கல்ல எறக்காதீக” என்று மேலே பார்த்துச் சொன்னார். சத்தம் போடவில்லை. பிறகு எங்களிடம், “ஒவ்வொருத்தரா ஏறுங்க. செவரத் தொடாதீக. தங்கச்சி, நீ மொதல்ல.”

என்னை இடுப்பில் கைகொடுத்து ஏணியில் ஏற்றிவிட்டார். எனக்குப் பின்னால் ஒருவர் வந்தார், அவருக்குப் பின்னால் இன்னொருவர். ஏணி பழசு, இரண்டு பேர் சேர்ந்து ஏறினால் வளையும், அதனால் ஒருவர் மேலே வந்த பிறகுதான் அடுத்தவர் காலை வைக்கலாம். நான் விளிம்பில் மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவர் வயிறு தள்ளிக்கொண்டு இடுக்குப் பக்கம் சாய்வது கண்ணுக்கே தெரிந்தது. வேகமே இல்லை. அவ்வளவு மெதுவாக ஒரு சுவர் நகரும் என்று நான் அறிந்ததில்லை. அண்ணன் நாலாவது படியில் இருந்தபோது மேல் கல் ஒன்று நழுவி ஏணியின் மேல் இறங்கிற்று. என் வீட்டுக்காரர் குப்புறப் படுத்து அவர் கையைப் பிடித்துவிட்டார். இன்னும் இரண்டு பேர் பாய்ந்து பிடித்து இழுத்தார்கள். உடம்பு வந்துவிட்டது. இடது பாதம் மட்டும் கல்லுக்கும் ஏணிக்கும் நடுவில் சிக்கி, நசுங்கித்தான் வந்தது.

மதினி கத்தவில்லை. அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, முகத்தில் இருந்த சாந்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் மீதிச் சுவரும் இடுக்குக்குள் சரிந்தது. களிமண் திணிக்க ஆள் நின்ற இடம் முழுக்கக் கல்லாகக் கிடந்தது.

ஓவர்சியர் என்னைக் கச்சேரிக்கு அனுப்பவில்லை. எங்கள் இரண்டு பேரையும் வேலையை விட்டு நிறுத்தினார். போகிற அன்று கூப்பிட்டு, வெல்லம் சாந்தைத் தூங்கவைத்துவிடும் அம்மா, ஒரு மாதம் விட்டிருந்தால் அந்தச் சாந்தும் கல்லாகியிருக்கும், காற்றில் நிற்கிற கோவிலுக்கு அந்த அவகாசம் உண்டு, ஆற்றுக்கு இல்லை என்று சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இந்த விளக்கத்தை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா என்று ஒரு கணம் பழைய கோபம் வந்தது. வந்த கோபத்தை வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

ஊரில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை என்பதுதான் ஆச்சரியம். நாங்களா இருந்தாலும் ஊத்தியிருப்போம் என்றார்கள் பெண்கள். உண்மைதான், ஊற்றியிருப்பார்கள். சிரட்டையை மாற்றினதைக்கூடப் பயத்தில் செய்தது என்று விட்டுவிட்டார்கள். பள்ளத்துக்குள் இறங்கி மூன்று பேரை மேலே அனுப்பினவள் என்று சாமியார் பூசையில் என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னார். நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அண்ணன் பிழைத்தார். பாதத்து எலும்பு கூடவில்லை. வைத்தியர் கட்டுப்போட்டு, அவிழ்த்து, மறுபடி கட்டினார். பெரியகுளத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். இனி சாரத்தில் ஏற முடியாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. நான் தினமும் கஞ்சி கொண்டுபோனேன், மதினி வாங்கிக்கொண்டாள். பேசிக்கொள்ளவும் செய்தோம், கஞ்சியைப் பற்றி, கட்டைப் பற்றி.

ஒரு நாள் மத்தியானம் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நான் புறப்பட்டபோது மதினி வாசல் வரைக்கும் வந்தாள். குரலில் கோபமே இல்லை. வெகு நாளாகக் கேட்க வைத்திருந்த மாதிரிதான் கேட்டாள்.

“மதினி, ஒண்ணு கேக்குறேன். ஒங்க வீட்டுக்காரவுக மேல வந்த பெறகு எங்க வீட்டுக்காரவுக ஏணியில எறங்குனாகளே, அத நீ பாத்தியா?”

வயிற்று வலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள், நம்பத்தான் அவளும் ஆசைப்பட்டாள்.

“பார்த்தேன், மதினி” என்றேன்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு முப்பது வருஷம் அடுத்தடுத்த வீட்டில் இருந்தோம். நல்லது கெட்டதுக்கு வந்தாள், போனாள், தண்ணீர் கேட்டால் கொடுத்தாள். மதினி என்று மட்டும் என்னை அவள் மறுபடியும் கூப்பிடவில்லை.